நேரான காலுக்கு எதற்கு ஷூ என்று கேட்ட மகனுக்கு

அன்பு மகன் பிரபுவுக்கு,

கால் நேராகிவிட்டது! நலமா, சாப்பிட்டாயா என்ற விசாரிப்பையெல்லாம் பின்னால் வைத்துக்கொள்கிறேன். இன்று காலை அரியலூர் ஆஸ்பத்திரியில் உன் மகள் இனியாவின் கடைசி மாவுக்கட்டைப் பிரித்தார்கள். நர்ஸம்மா ஈரத்துணியால் ஊறவைத்து, சுற்றுச் சுற்றாக உரித்து எடுத்தார். மூன்று வாரம் தண்ணீர் படாத தோல் செதில் செதிலாக இருந்தது, அழுக்கு வேறு. ஆனால் உள்ளேயிருந்து வந்த பாதம் இருக்கிறதே, அது பாதம் மாதிரியே இருந்தது பிரபு! உள்ளங்கையை நீட்டி அதன்மேல் அவள் காலை வைத்துப் பார்த்தேன். குதிகால், கட்டைவிரல், சுண்டுவிரல் மூன்றும் ஒன்றாக என் கையில் பட்டன. "தட்டையா நிக்குது! தட்டையா நிக்குது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. "பெரியவரே, வெளிய போறீங்களா, இல்ல அமைதியா இருக்கீங்களா?" என்று நர்ஸம்மா அதட்டினார். ஐம்பத்து நான்கு வயதில் என்னைப் பெரியவர் என்றதற்கு வேறொரு நாளாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். இன்று அந்த அம்மா என்னைக் கிழவன் என்று சொல்லியிருந்தாலும் ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

நீ இதுவரை இனியாவைப் போனில்தான் பார்த்திருக்கிறாய். அதிலும் சங்கீதா பிள்ளையின் முகத்தை மட்டும்தான் காட்டுவாள், கழுத்துக்குக் கீழே துணியைப் போர்த்திவிடுவாள். அதனால் அந்தக் கால் எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது. பிறந்த அன்று இரண்டு பாதமும் உட்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பதினைந்தாம் நாள் முதல் கட்டு. டாக்டர் ஏதோ பெரிய கருவியெல்லாம் வைத்து நிமிர்த்துவார் என்று சங்கீதா பயந்தாள். அவரோ விரலால் மெல்லப் பிடித்துக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினார். எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு இம்மி கிடையாது. வந்த இடத்தில் நிறுத்தி, விரல்நுனியிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. அடுத்த வாரம் அதைப் பிரித்து இன்னும் கொஞ்சம். இப்படி ஆறு வாரம், ஆறு கட்டு. அதற்குப் பிறகும் குதிகால் மட்டும் கீழே இறங்கவில்லை. பின்னால் இருக்கிற நரம்பு இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, அந்த இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு. வெட்டிய நரம்பு தானே நீளமாகி ஒட்டிக்கொள்ளுமாம். அதற்காக மூன்று வாரம் ஏழாவது கட்டு. அதைத்தான் இன்று பிரித்தார்கள்.

இந்தப் பதினோரு வாரமும் சங்கீதா பட்ட பாட்டை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுப் போடும்போது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தால் காலை விறைக்காது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் அவள் பஸ்ஸில் வரும்போது பால் கொடுக்கமாட்டாள். வரதராஜன்பேட்டையில் அம்மா வீட்டிலிருந்து வந்த நாட்களிலும் சரி, இரண்டாம் மாதம் பிறந்து நம் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் சரி, வீறிட்டு அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வருவாள். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும், "பசிக்குது போல, பாலக் குடும்மா, என்ன பொண்ணு நீ" என்று சொல்வார்கள். ஒருவருக்கும் பதில் சொல்லமாட்டாள். அங்கே மேசையில் கிடத்தியதும் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், கை மட்டும் நடுங்காது. டிப்பர் லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு முப்பது வருஷம் சுரங்கத்து மேட்டில் ஏறி இறங்கியவன் நான். அப்படி ஒரு கையை ஸ்டீயரிங்கில்கூட நான் பார்த்ததில்லை.

இன்று கட்டைப் பிரித்ததும் ஷூ கொடுத்தார்கள். குட்டியாக இரண்டு ஷூ, நடுவில் ஒரு கம்பி. பாதம் இரண்டும் வாத்து மாதிரி வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். மூன்று மாதம் நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும், குளிப்பாட்ட ஒரு மணி நேரம் மட்டும் கழற்றலாம். அதற்கு அப்புறம் தூங்கும்போது மட்டும் போட்டால் போதும், ஆனால் நான்கு வயது முடிகிற வரை. டாக்டர் சங்கீதாவை மூன்று முறை மாட்டிக் கழற்றிக் காட்டச் சொன்னார். இனியா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு ஒரு காலை உதைத்தால் இன்னொரு காலும் கூடவே கிளம்பி வருவதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து ஓயாத உதைதான்! என் சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு எகிறிப் போய் விழுந்தது. நான் அதை எடுக்கக்கூட இல்லை, இன்னொரு உதை வாங்கலாம் என்று நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வெளியே வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கால் நேராகிவிட்டது, கம்பி ஷூ கொடுத்திருக்கிறார்கள் என்று சங்கீதா உனக்குத் தகவல் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் உன் குரல் வந்தது. நானும் கேட்டேன். "சங்கீ, காதுகுத்துக்கு லீவு கெடச்சிடுச்சு, இருபது நாளு. அந்தக் கம்பி ஷூவ மட்டும் நான் வர்றதுக்கு முன்னாடி கழட்டிடு. அதான் நேராயிடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு அது? சொந்தக்காரங்க அத்தன பேரும் வருவாங்க, ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க. நான் திரும்பிப் போனதும் மாட்டிக்கலாம்." இதுதான் நீ சொன்னது. சங்கீதா அதை இரண்டாம் தடவை போட்டுக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அவரு சொல்றபடியே செஞ்சிடலாம் மாமா. என்னாலதான புள்ளைக்கு இப்படி ஆச்சு. அவரு சொல்றதையாச்சும் கேக்கணும்ல" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அவளால்தான் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். பிள்ளை பிறந்த மறுநாள் உன் பெரியம்மா ஆஸ்பத்திரியிலேயே வைத்து, "கிரகணத்தன்னிக்கு வெளிய கிளிய போனியாடி?" என்று கேட்டாள். பாவம் அந்தப் பெண், போனேனா இல்லையா என்று நாள் கணக்காக யோசித்துக்கொண்டிருந்தது. அது போதாதென்று நீ சிங்கப்பூரிலிருந்து, "உங்க சொந்தத்துல யாருக்காச்சும் இப்படி இருக்கா?" என்று கேட்டாய். நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கு அப்புறம் நீ போன் செய்வதும் குறைந்துவிட்டது. ஷிப்ட் மாறிவிட்டது என்று சொல்கிறாய். நான் உன் அப்பன், எனக்கே ஷிப்ட் கதை சொல்லாதே. முதல் நாள் கட்டுப் போடப் போனபோது டாக்டர் எழுதிக்கொண்டே, "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?" என்றார். "எங்க வூட்ல யாருக்கும் இல்லீங்க சார்" என்று சங்கீதா சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரபு, உன் வலது கால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டவே இல்லை. நீயும் உன் மகள் மாதிரிதான் பிறந்தாய். அவளுக்கு இரண்டு கால், உனக்கு வலது கால் மட்டும். உன் குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற தழும்பு கத்தி பட்ட தழும்பு. கம்பி குத்தியது என்று நான் சொன்னது பச்சைப் பொய். உன் வலது கெண்டைக்கால் இடதைவிட மெலிந்திருப்பதும், கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவில் வலது பக்கம் மட்டும் லூஸாக இருக்கிறதென்று காகிதம் மடித்து வைத்தாயே, அதுவும் இதனால்தான். இதைப் போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்குவாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உன் அம்மா உன்னைப் பெற்றது அவள் பிறந்த வீட்டில், அரும்பாவூரில். தலைப்பிரசவம் என்பதால் அங்கேயே ஆறு மாதம் இருந்தாள். அங்கிருந்து வாராவாரம் திருச்சிக்குப் போய், அவளும் உன் தாய்மாமனும்தான் உனக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் சுரங்கத்து வேலையைச் சாக்குச் சொல்லி இரண்டே இரண்டு முறை போனேன். ஆலத்தியூரில் நம் பக்கத்துச் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது, நான் சொல்லவில்லை. நீ ஊருக்கு வந்தபோது கால் நேராக இருந்தது, தூங்கும்போது மட்டும் ஷூ. பதினோராம் மாதம் உனக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தோம். நம் வீட்டில் சொந்தக்காரர்கள் ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. நீ தூங்கும்போது கம்பியோடு கிடப்பதை அவர்கள் பார்ப்பார்களே என்று எனக்குக் கூச்சம். "நேராயிடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு அது? அவங்க போனதும் மாட்டிக்கலாம்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ இன்று சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை! வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவள் பார்க்காத நேரத்தில் அந்த ஷூவை எடுத்துப் போய் லாரியின் டூல்ஸ் பெட்டியில், ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் அடியில் ஒளித்து வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சொந்தக்காரர்கள் போனார்கள். நான் ஷூவை எடுத்து வந்து மாட்டினேன். பழக்கம் விட்டுப்போன கால், நீ வீட்டையே இரண்டாக்கினாய். இரண்டு நாள் பார்த்தேன். "விடு, பையன் நல்லாத்தான இருக்கான்" என்று சொல்லி மறுபடி பெட்டியிலேயே போட்டுவிட்டேன். அது என்னோடு தினமும் சுரங்கத்துக்குப் போய் வந்தது, கிரீஸும் சுண்ணாம்புத்தூளும் அப்பிக்கொண்டு. இதில் கேவலம் என்னவென்றால், தொழில் தெரிந்தவன் நான். வண்டிக்கு அலைன்மென்ட் செய்து கொண்டுவந்தால், நேராகத்தானே ஓடுகிறது என்று அதோடு விட்டுவிடுவோமா? மேடு பள்ளத்தில் ஓடி ஓடி மறுபடி ஒரு பக்கம் இழுக்கும், அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லாரி டயருக்குத் தெரிந்த அந்த நியாயம் பெற்ற பிள்ளையின் காலுக்குத் தோன்றவில்லை. நீ நடக்க ஆரம்பித்தாய். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உன் அம்மா மட்டும் உன் செருப்பை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். வலது செருப்பில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. பாதம் மறுபடி உள்ளே மடங்க ஆரம்பித்திருந்தது.

இந்தத் தடவை திருச்சிக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் உன் காலைப் பார்த்துவிட்டு, "ஷூ எங்க?" என்று கேட்டார், அவ்வளவுதான். லாரி டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. மறுபடி கட்டு, மறுபடி குதிகாலில் வெட்டு, இந்தத் தடவை பெரிய வெட்டு. முதல் முறை நீ ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தை. இரண்டாம் முறை உனக்கு ஒன்றரை வயது, எல்லாம் தெரிகிறது, பேச்சும் வந்துவிட்டது. அவர்கள் தூக்கிக்கொண்டு போகும்போது என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வேணாம், அப்பா வேணாம்" என்று அழுதாய். கட்டு வேண்டாம் என்றாயா, அப்பா வேண்டாம் என்றாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டுமே நியாயம்தான்.

தொடை வரை கட்டோடு உன்னை ஊருக்குள் தூக்கி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் கேட்டார்கள். அங்கேயே நின்ற நிலையில் வாயில் வந்தது, "சைக்கிள் சக்கரத்துல கால விட்டுட்டான்." சொன்னேனோ இல்லையோ, ஊரே என்னைப் பிடித்துக்கொண்டது. "புள்ளைய வெச்சுக்கிட்டு இப்படியா சைக்கிள் ஓட்டுவ?" என்று சிறுசும் பெருசுமாகத் திட்டினார்கள். எனக்கு அந்தத் திட்டு அப்படியே இனித்தது, உண்மை தெரியவில்லையே என்று. பொய்க்குப் பலம் சேர்க்க சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வலைகூட வாங்கி மாட்டினேன். நீ வளர்ந்து, அந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றியது, ரத்தம் எவ்வளவு கொட்டியது என்றெல்லாம் நீயே சேர்த்துக்கொண்டாய். தெருவில் எவன் பின்சீட்டில் பிள்ளையை வைத்துப் போனாலும், "ஏய், கால அகட்டி வெச்சுக்கடா!" என்று கத்துவாய். அப்போதெல்லாம் உன் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த இரண்டாவது கட்டுக்கு அப்புறம் நான்கு வயது முடிகிற வரை, ஒரு நாள் விடாமல் உனக்கு ஷூ மாட்டியவள் அவள்தான். நீ அழுதால் மடியில் போட்டுக்கொண்டு கதை சொல்லிக்கொண்டே வாரை இறுக்குவாள். நீ இன்று கப்பல் பட்டறையில் சாரத்தில் ஏறி வெல்டிங் அடிக்கிறாய் என்றால் அது அவள் பிடிவாதம். அதில் எனக்குப் பங்கு கிடையாது.

இனி இன்றைக்கு வருகிறேன். "என்னாலதான்" என்று சங்கீதா சொன்னதும் எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து, கதவைத் திறந்துகொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றேன். உள்ளே இன்னொரு குழந்தைக்குக் கட்டு ஓடிக்கொண்டிருந்தது. "சார், மொத நாளு கேட்டீங்களே, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு. எங்க வூட்ல இருந்துச்சு சார்! என் பையனுக்கு! இந்தப் புள்ளையோட அப்பனுக்கு!" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பின்னாலேயே வந்த சங்கீதா வாசலில் நின்றுவிட்டாள். டாக்டர் மாவு அப்பிய கையோடு நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்படியா? இப்ப எப்படி இருக்காரு?" என்றார். "சிங்கப்பூர்ல வெல்டிங் வேலை சார். மூணு மாடி ஒசரத்துக்குச் சாரத்துல ஏறி நிக்கிறான். பன்னெண்டாவது படிக்கறப்ப கபடி டீம்ல இருந்தான் சார்!" என்றேன். இது குடும்பத்தில் வரலாம், ஒருவருக்கும் இல்லாமலும் வரலாம், கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தாய் செய்த எதனாலும் இது வருவதில்லை என்று அவர் சங்கீதாவைப் பார்த்து, அவளுக்காகவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். வராந்தாவில் கட்டுப் போட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள்! "நெசமாவா அண்ணே? ஓடுவாரா? மாடி ஏறுவாரா? சம்மணம் போட்டு உக்காருவாரா?" என்று ஆளுக்கொரு கேள்வி. "பைக் ஓட்டுவாரா?" என்று ஒரு பெண். "பைக்கா? அவன் ஓட்டுற ஓட்டுக்கு நானே பின்னால உக்கார மாட்டேன்மா!" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தி, "பொண்ணு குடுத்தாங்களா அண்ணே?" என்று கேட்டாள், அவள் மடியில் இரண்டு மாதப் பையன். நான் சங்கீதாவைக் காட்டினேன். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இருபத்தைந்து வருஷம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த சங்கதியைக் கேட்க இத்தனை பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒளிக்கிற விஷயம் என்று நினைத்ததை ஊர் ஊராக மைக் கட்டிச் சொல்லியிருக்க வேண்டும். என்ன மடையன் உன் அப்பன், பார்!

சங்கீதா மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்று, "என்ன மன்னிச்சிடு பாப்பா" என்று சொன்னேன். இத்தனை நாள் பழியைத் தலையில் சுமந்ததற்குக் கோபப்படுவாள், வரதராஜன்பேட்டைக்கே கிளம்பிப் போய்விடுவாள், போனாலும் தப்பில்லை என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டது அதைப் பற்றியே இல்லை. "அவரு காலும் இப்படியேதான் மடங்கி இருந்துச்சா மாமா? எம் புள்ளைக்கு இருந்த மாதிரியே?" என்றாள். ஆமாம் என்றேன். "அவரு நடக்கறத நான் தெனமும்தான பாத்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலயே" என்றாள். அப்புறம்தான் அழுதாள். "எம் பொண்ணு நடப்பாளா நடப்பாளான்னு கேக்காத சாமி இல்ல மாமா. இத நீங்க மொத நாளே சொல்லியிருந்தா நான் அழுதிருக்கவே மாட்டேனே." அவள் தலையில் கை வைத்தபடி நின்றேன். பழியைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை பிரபு. பதினோரு வாரமாக அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தைரியம். அது நம் வீட்டில், உன் காலில் இருந்தது, நான் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "இப்பயாச்சும் வாயத் தொறந்தீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு இனியாவைத் தூக்கிக்கொண்டாள். அவளுக்கு ஷூ மாட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை அப்படியே வாருக்குப் போகிறது. காதுகுத்துக்கு நீ வா, இருபது நாளும் இரு. உன் மகள் ஷூவோடுதான் தாய்மாமன் மடியில் உட்காருவாள். கம்பி இடிக்கிறது என்றால் மாமன்காரன் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும். குளிப்பாட்டுகிற ஒரு மணி நேரம் குளிப்பாட்டத்தான், சொந்தக்காரர்களுக்குக் காட்ட இல்லை. எவர் வந்து என்ன இது என்று கேட்டாலும் நீ பதில் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். உன் பெரியம்மாவுக்கு முதலில் சொல்கிறேன். "எங்க வூட்டுக் காலு இது, எம் பையனுக்கும் இருந்துச்சு, நேராக்கிட்டோம், இதையும் நேராக்குறோம்" என்று பந்தியில் நின்று சொல்வேன், சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வேன்!

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், பட்டவன் என்பதால். சரியாகிவிட்டது என்று தெரிகிற நாளில்தான் கைவிடத் தோன்றும். மோசமாக இருக்கும்போது ஒருவரும் விடுவதில்லை, ஓடி ஓடிச் செய்வோம். நான் விட்டது கால் அழகாக இருந்த சமயத்தில். நீயும் சங்கீதாவோடு பேசுவதை இந்த மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறாய். அதையும் இன்றைக்கே மறுபடி மாட்டு. உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பப்போகிறவளும் அவள்தான். அதனால் அவளும் படித்துவிட்டாள். ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். இனியாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "போன் பண்றப்ப அவர நடக்கச் சொல்லுங்க மாமா. நான் பாக்கணும்" என்றாள். அதனால் இன்று வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். போனை எதன்மேலாவது சாய்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு, அந்தக் கோடிக்குப் போய்விட்டு அவளைப் பார்த்து நடந்து வா.

உன் அப்பா